ஸ்பானிய எழுத்தும் நம் நாவும்

சட்டையிலும் சுவரிலும் பேருந்தின் பின்புறத்திலும் நாம் நாள்தோறும் காணும் முகம் ஒன்று உண்டு. விண்மீன் பொறித்த தொப்பியணிந்த அந்த வீரரைச் 'சே குவேரா' என்று தமிழ்நாடே அழைக்கிறது. ஆனால் அவருடைய சொந்த மொழியில் அப்பெயர் 'குவேரா' அன்று, 'கெவாரா' என்பதாகும். 'க'வுக்குரிய எழுத்தை அடுத்து 'உ'வும் அதனையடுத்து 'எ'வும் வருமாயின், அந்த 'உ' ஒலியாது என்பது ஸ்பானிய மொழியின் விதி. 'சே' என்பதும் பிறப்பில் இட்ட பெயரன்று. நாம் பேச்சுக்குப் பேச்சு 'ஏப்பா' என்று சொல்வதைப் போல அர்ஜென்டீன மக்கள் சொல்லும் விளிச்சொல் அது. கியூபாவின் தோழர்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கிவிட்டனர்.

நூலக அலமாரியின் மொழிபெயர்ப்பு வரிசைக்குச் சென்றாலும் இதே நிலைதான். 'மார்க்வெஸ்' என்கிறோம், அவர் 'மார்க்கெஸ்'. 'பாப்லோ நெரூடா' என்கிறோம். 1929இல் நம் அண்டையிலேயே, கொழும்பில், சிலி நாட்டுத் தூதரக அலுவலராக வாழ்ந்த அக்கவிஞர் 'நெரூதா'. 'பெட்ரோ' என்று நாம் எழுதுபவர் 'பெத்ரோ'. இப்பிழைகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. ஸ்பானியப் பெயர்களை நாம் நேரே கேட்டு எழுதவில்லை. ஆங்கிலேயர் படிப்பது போலப் படித்து எழுதியிருக்கிறோம். ஆங்கிலம் என்னும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழ்க் காதால் கேட்டால் இம்மொழியின் எழுத்தும் ஒலியும் நமக்கு எவ்வளவு அணுக்கமானவை என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இன்று ஏறத்தாழ 50 கோடி மக்களுக்கு ஸ்பானியம் தாய்மொழி; இருபது நாடுகளில் ஆட்சிமொழி. எனினும் நம்மில் பலர், குறிப்பாகத் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்தோர், "இங்கிலீஷே வரவில்லை, இதில் இன்னொரு மொழியா?" என்று ஒதுங்குகின்றனர். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் கற்ற முதல் அயல்மொழி ஆங்கிலம். அதுவோ, ஒரே எழுத்தை ஐந்து விதமாய் ஒலிக்கும் மொழி. எழுதியதைப் படிக்காமலும் படிப்பதை எழுதாமலும் விடும் மொழி. அதில் இடறியவர்கள் தமக்கே மொழித்திறன் இல்லையென்று முடிவு கட்டிக்கொண்டார்கள். குற்றம் நாவில் இல்லை, நண்பர்களே. அந்த எழுத்துமுறையில் இருக்கிறது!

ஸ்பானியம் அவ்வாறன்று. 1492ஆம் ஆண்டில், கொலம்பஸ் கடலேறிய அதே ஆண்டில், அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் வகுத்தார். பேசுவது போல எழுதவும் எழுதியது போலப் பேசவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1713இல் தோன்றிய அரச மொழிக்கழகமும் பெரும்பாலும் அவ்வழியே நடந்தது. எனவே இருபத்தேழு எழுத்துகளையும் சில விதிகளையும் கற்றுவிட்டால், பொருள் புரியாத ஸ்பானியப் பக்கத்தையும் பிழையின்றி வாய்விட்டுப் படிக்கலாம். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை செய்தித்தாளைப் படிப்பது போலத்தான்.

முதலில் உயிரெழுத்துகள். ஆ, எ, இ, ஒ, உ என ஐந்தே. இவை எங்கு வந்தாலும் ஒலி மாறா. ஆங்கிலேயர் 'நோ' என்னும்போது வாய் இறுதியில் குவிந்து வேறோர் ஒலியாக நழுவுகிறது. ஸ்பானியரின் 'நோ' நம்முடைய ஓகாரம் போல நின்ற இடத்தில் நிற்கும். கல், கால் என்பது போலக் குறில் நெடிலால் பொருள் மாறும் வழக்கம் அங்கு இல்லை. 'காசா' என்றால் வீடு. முதல் அசையைச் சற்று நீட்டினாலும் குறுக்கினாலும் வீடு வீடேதான்.

அடுத்து மெய்கள். இங்கேதான் ஆங்கில வழி நம்மைப் பெரிதும் கெடுக்கிறது. ஆங்கில எழுத்தில் 'டி' என்று காணும் இடமெல்லாம் நம் கை தானாக 'ட' என்று எழுதிவிடும். ஸ்பானியத்தில் அது 'த'. தொல்காப்பியர் பிறப்பியலில் தகரத்துக்குச் சொல்லும் இடம், அதாவது நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தும் இடம், ஸ்பானிய ஒலிக்கும் பெரிதும் பொருந்தும். தக்காளியை அவர்கள் 'தொமாத்தே' என்பர். (தமிழில் வல்லொலியைக் காட்ட 'த்த' என்று இரட்டிக்கிறோமே தவிர, அங்கு ஒலி இரட்டிக்காது. இதனை நினைவிற் கொள்க.)

க, த, ப மூன்றையும் ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் மூச்சுக்காற்றைத் தள்ளி ஒலிப்பர். நம் ஊரில் கருவிக்கா பஞ்சம்? தறியடியிலே கிடக்கும் பட்டிழை ஒன்றை உதட்டின் முன் தொங்கவிட்டுப் 'பல்' என்று சொல்லிப் பாருங்கள். இழை அசைவது அரிது. ஆங்கிலேயர் ஒருவர் 'பென்' என்று சொன்னால் அது படபடக்கும். ஸ்பானியர் சொல்லும் 'பான்', அதாவது ரொட்டி, நம்முடைய பகரத்தைப் போன்றது. ஆங்கிலேய மாணவர்கள் பல மாதம் பழகிப் பெறுவதை நாம் தாய்ப்பாலோடு பெற்றுவிட்டோம்.

பட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஸ்பானியத்தில் பட்டுக்குச் 'சேதா' என்று பெயர். இச்சொல்லின் நடுவிலுள்ள ஒலியைக் கூர்ந்து கேட்க வேண்டும். நாம் 'அது', 'கதவு' என்னும்போது தகரம் எவ்வளவு மென்மையாக, நா பல்லைத் தொட்டும் தொடாமலும் ஒலிக்கிறதோ, அதே மென்மை அங்கும் உண்டு. 'பந்து' என்னும்போது, மெல்லெழுத்தை அடுத்து வருவதால் அதே தகரம் நன்கு அழுந்தி ஒலிக்கிறது அல்லவா? ஸ்பானியத்தில் 'எங்கே' என்று பொருள்படும் 'தோந்தே' என்னும் சொல்லில் நடுத்தகரம் அவ்வாறே அழுந்தும். ககரமும் அப்படியே. ஏரி என்று பொருள்தரும் 'லாகோ'வின் ககரம் நம் 'நகம்' போல நெகிழும். 'மாங்கோ'வின் ககரம் நம் 'மாங்காய்' போல அழுந்தும். உயிர்களுக்கு இடையே நெகிழ்தல், மெல்லினத்தின் பின் அழுந்துதல் என்னும் இந்நெறியை ஸ்பானிய மொழிநூலார் பக்கம் பக்கமாக விளக்குகின்றனர். நாமோ விதி அறியாமலே நாள்தோறும் இதன்படி பேசுகிறோம். இரு மொழிகளுக்கும் உறவு ஏதும் கிடையாது. பக்கத்து ஒலிகளின் இழுப்பால் இரண்டிடத்தும் நா ஒரே வழியில் சென்றிருக்கிறது.

ரகர றகர வேறுபாட்டுக்கு வருவோம். 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய். 'காரோ' என்றால் விலை மிகுந்தது. 'கார்ரோ' என்றால் வண்டி. முதலாவதில் நா ஒரு முறை தட்டும். இரண்டாவதில் பலமுறை அதிரும். கரை, கறை, இரை, இறை, மரம், மறம் என்று பொருள் வேறுபடுத்திய மொழிக்குரியவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஒன்றை இடையினத்திலும் மற்றதை வல்லினத்திலும் வைத்தவர்கள் நம் இலக்கணத்தார். ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர் பேசினால் வேறுபாடு காதில் விழும். அதிர்வு வராதோர், குழந்தைகள் பொம்மை வண்டி ஓட்டும்போது எழுப்பும் 'டுர்ர்ர்' ஒலியைத் தனிமையில் பழகுக! விடுதி அறையில் வேண்டா.

சொல்லின் முதலில் வரும் ஒற்றை ரகரமும் அங்கே அதிர்ந்தே ஒலிக்கும். நமக்கோ ரகரம் மொழிமுதலில் வாராது. இராமன், உரோமாபுரி என்று உயிரைத் துணை சேர்ப்போம். இதில் ஒரு வியப்பு உண்டு. ஸ்பெயினின் வடக்கே வாழும் பாஸ்கு மக்களின் தாய்மொழியிலும் ரகரம் சொல்லுக்கு முதலாகாது. உரோமாபுரியை அவர்கள் 'எர்ரோமா' என்பர்!

அந்தப் பாஸ்கு நாட்டினர் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ்ச் செபங்களை நெட்டுருச் செய்து ஊர் ஊராகச் சொல்லிவந்த சவேரியார், நவார்ரா நாட்டில் பிறந்தவர். 'புதிய வீடு' என்னும் பொருளுடைய பாஸ்குச் சொல்லிலிருந்து வந்தது அவர் ஊர்ப்பெயர். அப்பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் 'எக்ஸ்' எனப்படுவது. அக்காலத்து ஸ்பானியத்தில் அவ்வெழுத்துக்கு 'ஷ' என்ற ஒலி இருந்தது. பின்னர் அது தொண்டைக்குள் இறங்கி, 'அஃது' என்பதன் ஆய்தத்தைக் காற்றோடு அழுத்திச் சொல்வது போல ஆயிற்று. 1815இல் மொழிக்கழகம் அவ்வொலிக்கு 'ஹோத்தா' என்னும் எழுத்தையே விதித்தது. ஆகவே இன்று ஸ்பெயினில் அவர் 'ஹாபியேர்'. போர்த்துகீசிய மொழியிலோ பழைய 'ஷ' மாறாமல் நின்றது. அவ்வழியாகவே 'சவேரியார்' என்னும் வடிவம் நமக்கு வந்தது. ஸ்பெயின் இழந்த ஒலியின் சாயலைத் தூத்துக்குடிப் பரதவர் காத்துவருகின்றனர் என்று சொன்னால் மிகையாகாது. மெக்ஸிகோ மக்கள் மட்டும் பழைய எழுத்தை விடாமல் எழுதிக்கொண்டு, 'மெஹிக்கோ' என்று படிக்கின்றனர்.

தமிழ் அச்சேறிய கதையிலும் ஸ்பானியர்க்குப் பங்குண்டு. 1554இல் லிஸ்பன் நகரில் வெளியான செப நூலில் தமிழ் ஒலிகள் உரோம எழுத்திலேயே அச்சிடப்பட்டன. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தை வைத்திருப்பவர்கள் என்னதான் செய்ய முடியும்? தமிழ்க்குரிய எழுத்துகளையே வார்க்கும் முயற்சி அதன் பின்னர்தான் தொடங்கியது. 1577இல் கோவாவில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்த ஹுவான் கொன்சால்வெஸ் ஸ்பெயின் நாட்டவர். மறு ஆண்டு, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது.

போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்களும் ஸ்பானியம் கற்பார்க்கு முதலீடாகும். நம் மேசை அங்கும் 'மேசா'; மேஸ்திரி அங்கே 'மாயெஸ்த்ரோ'; ஈழத்தார் காலிலணியும் சப்பாத்து அங்கே 'சபாத்தோ'. சாவியாகிய 'சாவே' மட்டும் ஸ்பானியத்தில் 'யாவே' ஆகிவிட்டது. 'பேனா'வில் சற்று விழிப்பு வேண்டும். போர்த்துகீசிய மொழியில் அது இறகு, ஸ்பானியத்தில் துயரம். தேர்வு மண்டபத்தில் இரண்டும் ஒன்றே என்பார் நம் வகுப்பு நண்பர்.

அதே 'பேனா'வின் நகரத்தை ஞகரமாக்கினால் 'பேஞா', அதாவது பாறை. ஸ்பானியத்துக்கே சிறப்பாகக் கருதப்படும் எழுத்து இந்த 'எஞே'தான். நகரத்தின் தலையில் அலைபோல் ஒரு சிறு கோடு. ஒலி நம் ஞகரம். எஸ்பாஞா (ஸ்பெயின்), நீஞோ (குழந்தை), மஞானா (நாளை) என வரும். இலத்தீனில் இரட்டை நகரமாக இருந்ததை, தோலேட்டில் இடத்தை மிச்சப்படுத்த எண்ணிய எழுத்தர்கள் ஒன்றின் தலைமேல் மற்றொன்றைச் சிறிதாக ஏற்றினர். அதுவே நாளடைவில் கோடாயிற்று. ஓலை கிழியுமென்று நம் ஏட்டாளர் புள்ளியை விட்டனர். அவர்களோ கோட்டைச் சேர்த்தனர். கணினி வந்தபோது இவ்வெழுத்துக்கு இடர் நேர்ந்தது. தம் நாட்டில் விற்கும் கணினிகளில் இவ்வெழுத்துக்கு விசை இருந்தாக வேண்டும் என்ற ஸ்பெயினின் விதியை, 1991இல் ஐரோப்பியப் பொதுச்சந்தையார் வணிகத்துக்குத் தடையென்று எதிர்த்தனர். ஸ்பானிய மக்கள் கொதித்தெழுந்தனர். 1993இல் அரசாணை ஒன்றின் மூலம் ஸ்பெயின் தன் ஞகரத்தைக் காத்துக்கொண்டது. நாமோ ஞாயிற்றையே 'நாயிறு' ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி, நம் பேச்சைக் கண்டு சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று நம் பெற்றோர் சொல்லக் கேட்டுக் கேலி பேசாத நகரத்தார் உண்டோ? சகர மெய்யும் மற்றொரு மெய்யும் இணைந்து சொல்லைத் தொடங்குவதைத் தமிழ் நா ஏற்பதில்லை; முன்னே ஓர் உயிரை வைத்துக்கொள்கிறது. ஸ்பானிய நாவும் இதையே செய்தது. இலத்தீனில் 'ஸ்கோலா' என்றிருந்த பள்ளி, ஸ்பானியத்தில் 'எஸ்குவேலா'. நிலையம் 'எஸ்தாசியோன்', மாணவர் 'எஸ்தூதியாந்தே'. அந்நாட்டின் பெயரே 'எஸ்பாஞா' தானே! அங்கே அது அகராதியில் ஏறிய செம்மை வழக்கு. பேராசிரியரும் அமைச்சரும் அப்படித்தான் எழுத வேண்டும். இங்கே அதே செயல் படியாதவர் பேச்சென்று பெயர் பெற்றது. நெசவாளர் வீட்டிலிருந்து வந்து, வகுப்பில் வாய் திறக்க அஞ்சி அமர்ந்திருக்கும் தோழர்கள் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

'பழம்' என்று எழுதிப் 'பயம்' என்று சொல்லும் வழக்கும் அத்தகையதே. நம் வட மாவட்டங்களில் ழகரம் யகரமாக நெகிழ்வதைப் பட்டிமன்றங்களில் எள்ளி நகையாடுவர். ஸ்பானியத்தில் லகரத்தை இரட்டித்து எழுதும் 'எய்யே' என்னும் எழுத்துக்கு, நடுநாவால் ஒலிக்கும் ஒருவகை லகரவொலி பண்டு இருந்தது. இன்று மாத்ரித் நகரத்தார் உட்பட மிகப் பெரும்பாலோர் அதை யகரமாகவே ஒலிக்கின்றனர். தெரு என்னும் பொருளில் 'கால்யே' என்றிருந்தது 'காயே' ஆயிற்று. அர்ஜென்டீனத் தலைநகரிலோ அது 'காஷே'. எழுத்து மாறவில்லை, ஒலி மாறிற்று; இதற்காக எவரும் எவரையும் எள்ளுவதில்லை. ழகரத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை இழந்த நாவை இழிவென்பது தவறு என்றே சொல்கிறேன்.

தமிழ்க் காது நம்மை ஏமாற்றும் இடங்களும் உள. ஒரே 'ப' எழுத்தால் இரு ஒலிகளைக் குறிக்கப் பழகியவர்கள் நாம். அங்கே வல்லொலியில் 'பேசோ' என்றால் பணம். அதிர்வொலியில் 'பேசோ' என்றால் முத்தம். கடைக்காரரிடம் கேட்கும்போது கவனம் தேவை! நம் ஊரில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் நண்பர்கள் பலர். இவ்வகையில் அவர்கள் நமக்கு முன்னே நிற்கின்றனர். மெய்யில் முடியும் சொல்லுக்கு 'பஸ்ஸு' என்பது போல உகரம் சேர்ப்பதையும் விட வேண்டும். ஞாயிறு அங்கே 'சோல்', ஏறக்குறைய நம் 'சொல்', சுண்ணாம்பு 'கால்'. இவற்றை 'சோலு', 'காலு' என்றால் அவர்களுக்கு விளங்காது. ஹகரத்துக்குரிய எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. வணக்கம் கூறும் சொல் 'ஓலா' மட்டுமே. கடைசி எழுத்தாகிய 'சேத்தா'வை ஸ்பெயினில் நாவைப் பல்லிடை வைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் சகரமாகவும் ஒலிப்பர். நாம் இரண்டில் எதையும் கொள்ளலாம்.

எழுத்து அடுக்கில் வந்த மாற்றத்தையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 'சே', 'எய்யே' இரண்டும் நெடுங்காலம் தனி எழுத்துகளாக எண்ணப்பட்டன. 1994இல் அகராதியில் அவற்றின் தனியிடத்தை நீக்கினர். 2010இல் எழுத்து வரிசையிலிருந்தே நீக்க, இன்று எண்ணிக்கை இருபத்தேழு. தமிழ்நாட்டிலும் 1978இல் ணா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை அரசு மாற்றியது. துதிக்கை தூக்கிய பழைய 'லை'யைக் கண்டு திகைக்கும் இளையோர், பழைய ஸ்பானிய அகராதியைப் புரட்டும் அந்நாட்டு மாணவருக்குத் தோழர்கள். நம் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மனின் பட்டப்பெயர்களை வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள். எழுத்து மாறினாலும் அரசன் ஒருவனே.

எஞ்சியிருப்பது அழுத்தம் ஒன்றே. தமிழர் பெரிதும் தவறவிடுவது இதைத்தான். சொல் உயிரிலோ, நகர சகரங்களிலோ முடிந்தால் ஈற்றயலசையிலும், பிற மெய்யில் முடிந்தால் ஈற்றசையிலும் அழுத்தம் விழும். இவ்விதியை மீறும் சொல்லுக்கு, அழுந்தும் உயிரின் தலையில் சாய்கோடு இடுவர். முன்னசை அழுந்த 'ஆப்லோ' என்றால் 'நான் பேசுகிறேன்'. பின்னசை அழுந்தினால் 'அவன் பேசினான்'. 'பாப்பா'வின் முன்னசை அழுந்தினால் உருளைக்கிழங்கு. பின்னசை அழுந்தினால் அப்பா.

நம் ஊர்ப் பெயரையே இவ்விதியில் வைத்துப் பார்ப்போம். காஞ்சிபுரம் மகரத்தில் முடிகிறது. எனவே கோயில் காண வரும் ஸ்பானியர் ஈற்றசையை அழுத்துவார். சொல்லிறுதி மகரம் அவர் நாவில் பெரும்பாலும் நகரமாகும் ஆதலால், 'கான்சிபுரான்' என்று கேட்கும். நம்மைப் போல முதலசையைச் சற்றே அழுத்தும்படி சாய்கோடிடலாமா என்றால், அதற்கும் வழியில்லை. ஸ்பானியத்தில் பெயர்ச்சொற்களின் அழுத்தம் கடைசி மூன்று அசைகளைத் தாண்டிப் பின்னே செல்லாது; நமக்கு வேண்டியதோ நான்காவது. ஆனால் 'காஞ்சி' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஈற்றில் உயிர் இருப்பதால் அழுத்தம் தானாகவே முதலசையில் விழும். சகரத்தின் முன் நகரம் நம் ஞகரமாகவே நெகிழும். கோடு எதுவும் வேண்டாமல், நாம் சொல்வது போலவே சொல்லிவிடுவார்.